மாதிரி போதவில்லை

புற்றுநோய் மாநாட்டின் மேடையில் பேசிக்கொண்டிருந்தவர் மூன்றாவது முறையாக 'கடைசியாக ஒன்று' என்றார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பூங்கோதைக்கு மட்டும் அவர் இன்னும் நாலு 'கடைசியாக' சொன்னால் தேவலை என்றிருந்தது. நிகழ்ச்சி நிரலில் பதினொன்று நாற்பதுக்கு அவள் பெயர், இப்போது பதினொன்று இருபது. வெளியே கோயம்புத்தூர் வெயில் கொளுத்துகிறது, இங்கே ஏசியை எதற்கு இப்படி வைத்திருக்கிறார்கள், விரல் நுனி மரத்துப் போகிறது, ஆனால் ஜாக்கெட் அக்குளில் நனைந்திருக்கிறது, இரண்டும் ஒரே உடம்பில் எப்படி என்று யோசித்தாள். யோசிக்க வேண்டியதை யோசிக்காமலிருக்க இது நல்ல யோசனைதான். இருபது நிமிடம் எதையாவது இப்படிப் பிடித்துக்கொண்டு ஓட்டிவிடலாம். திரையில் ஒரு செல்லின் படம். வட்டமாக ஒரு பந்து, அதன் மேல்தோலில் முடி முளைத்தாற்போல சின்னச் சின்னக் குச்சிகள். அவளும் இதே படத்தைத்தான் வைத்திருக்கிறாள், குச்சிகளுக்கு நீலம் போட்டிருக்கிறாள், இவர் சிவப்பு. செல்லின் மேல் நிற்கிற அந்தப் புரதத்துக்கு ரிசெப்டார் என்று பெயர், ஏற்பி என்று பாடப்புத்தகத்தில் இருக்கும். வெளியிலிருந்து வளரு என்று வருகிற சேதியை வாங்கி உள்ளே அனுப்புவது அதன் வேலை. நுரையீரல் புற்றுநோயில் சில பேருக்கு இது அளவுக்கு மீறி முளைத்துக் கிடக்கிறது, அதனால் செல் ஓயாமல் பெருகுகிறது. அதை அடைக்க ஒரு மருந்து உண்டு. யாருக்குக் கொடுத்தால் மருந்து கேட்கும் என்பதுதான் கேள்வி. ரிசெப்டார் நிறைய இருப்பவர்களுக்குக் கேட்கும் என்பது பூங்கோதையின் நாலு வருடத்து உழைப்பு சொன்ன பதில். நாற்பத்தொரு நோயாளிகள். நாளாக நாளாக எத்தனை பேர் உயிரோடு மிஞ்சினார்கள் என்று காட்டுகிற, படிக்கட்டு இறங்குவது போல இரண்டு கோடுகள், ஒன்று மெதுவாக, மற்றது மடமடவென்று. மெதுவாக இறங்குகிற கோடு ரிசெப்டார் நிறைய இருந்தவர்களுடையது. இரண்டுக்கும் நடுவே ஆள் புகுந்து போகிற மாதிரி இடைவெளி. பார்த்தவர்கள் எல்லாரும் முதலில் அந்த இடைவெளியைத்தான் பார்த்தார்கள், அழகு என்றுகூட ஒருவர் சொன்னார். நாற்பத்தொரு பேர். சொல்லும்போதே நாக்கு நாற்பத்து நாலு என்று போகப் பார்க்கிறது, இன்று காலையில் குளியலறையில் சொல்லிப் பார்த்தபோதும் அப்படித்தான் போனது. பல்லைக் கடித்துக்கொண்டு ஏழெட்டு முறை சொன்னாள், நாற்பத்தொன்று, நாற்பத்தொன்று. வெளியே நின்ற கணவன் என்ன கோதை, பஸ் நம்பரா என்று கேட்டான்.

அது நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டுக்குப் பிறகு, எல்லாருக்கும் கண் சொக்கிக்கொண்டிருந்த நேரம். கணினியில் நாற்பத்து நாலு பேரையும் போட்டு ஓட்டினாள். கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்துகொண்டு இறங்கின. இந்த வித்தியாசம் தற்செயலாகக்கூட வந்திருக்கலாம் என்றது கணக்கு. நாலு வருடம். பின்னால் வந்து நின்றார் பேராசிரியர் சந்தானகிருஷ்ணன், அவளுக்கு வழிகாட்டி, இதோ முன்வரிசையில் இடமிருந்து மூன்றாவது நாற்காலி, பின்கழுத்தில் வெள்ளைமுடி. மேலேயே நிற்க வேண்டிய கோட்டை ஆரம்பத்திலேயே கீழே இழுத்துவிட்ட மூன்று புள்ளிகளைப் பேனா முனையால் தொடாமல் தொட்டுக் காட்டினார். "இந்த மூணு பேரு. ரிசெப்டார் இவ்வளவு இருந்தும் ரெண்டு மாசத்துல போயிட்டாங்க. ஸாம்பிள் சரியா இருந்துச்சா, ஒருதரம் பாரும்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஒருதரம் பாரும்மா. அந்த 'பாரும்மா'வை அவள் அன்றிலிருந்து எத்தனை தரம் காதுக்குள் ஓட்டிப் பார்த்திருப்பாள். பார் என்றால் பார் என்று மட்டும்தானா, இல்லை, பார்த்துச் செய் என்றா? 'ம்மா'வில் ஒரு இழுப்பு இருந்ததா? இழுப்பு இருந்திருந்தால் பாதிக் குற்றம் அவருடையது. அவர் எல்லாரையும் ம்மா என்றுதான் கூப்பிடுவார், காவலாளியின் மனைவியைக்கூட. அவள் பார்த்தாள். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, அந்த மூன்று பேரின் சதை ஒட்டியிருந்த கண்ணாடித் துண்டுகளைப் பார்த்தாள், நோயாளி எண் ஒன்பது, பதினேழு, முப்பது. மூன்றும் நன்றாக இருந்தன. பதினேழு பிரமாதமாக இருந்தது. செம்மண் பட்டை கட்டின கோலம் மாதிரி ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் பழுப்புச் சாயம், உடையாமல், கலங்காமல். பாடம் நடத்தவே எடுத்து வைத்துக்கொள்ளலாம். கண்ணை எடுத்துவிட்டு நாற்காலியைத் திருப்பி, குறிப்பு எழுதுகிற கட்டத்தில் மூன்று பேருக்கும் ஒரே வாசகத்தைத் தட்டினாள், மாதிரி போதவில்லை. அப்படி எழுதினால் அவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். முதல் தடவை தட்டினாள், மற்ற இரண்டுக்கும் நகல் எடுத்து ஒட்டினாள். அந்த நகல் எடுத்ததுதான், அந்த இரண்டு விரல் வேலைதான், இப்போது இந்தக் குளிரில் நினைத்தால் காது மடல் சுடுகிறது. பொய்யைக்கூட மூன்று தரம் எழுத அலுப்பாக இருந்திருக்கிறது அவளுக்கு.

பக்கத்து நாற்காலிக்காரி மெதுவாகக் குனிந்து, "மேடம், புடவை ரொம்ப நல்லாருக்கு" என்றாள். பூங்கோதை தலையாட்டினாள். நீலம். திரையில் வருகிற ரிசெப்டார்களின் நீலத்துக்குப் பொருத்தமாக முந்தாநாள் போய் எடுத்தது. கடைக்காரர் போட்டுக் காட்டிய ஒன்பது நீலத்தில் இந்த நீலம்தான் வேண்டும் என்று நின்றாளே, அப்போது பதினேழு எங்கே போயிருந்தது? போகவில்லை, அங்கேயேதான் இருந்தது, வயிற்றுக்குள் ஒரு ஓரத்தில். பதினேழு என்றால் மாரப்பன். பெயர் அவளுக்குத் தெரிந்திருக்கக் கூடாது, எண்தான் தெரியலாம், அதுதான் விதி. ஆனால் அவரே சொன்னார், "எம்பேரு மாரப்பனுங், கணபதியில பவுண்டரியில முப்பத்தோரு வருசம் மண்ணு அச்சுத் தட்டுனனுங்" என்று. நோயைக் கண்டுபிடிக்க ஒருதரம் ஊசி போட்டுச் சதை எடுத்தாகிவிட்டது. அவளுடைய ஆய்வுக்காக இன்னொரு தரம் வேண்டியிருந்தது. பலபேர் மாட்டேன் என்றார்கள், அதில் தப்பில்லை, முதுகுப் பக்கமாக விலா எலும்புக்கு நடுவில் ஊசியை விடுவது. அவள் அவரிடம் நேர்மையாகத்தான் பேசினாள், அதை நினைத்துக்கொள்ளலாம், அது ஒன்றாவது. "இதுனால எனக்கு ஏதாச்சும் உபகாரமுண்டுங்களா அம்மணி?" என்று கேட்டார். "உங்களுக்கு இருக்காதுங்க. பின்னாடி வர்றவங்களுக்கு இருக்கலாம்" என்றாள். அவர், "சரி எடுத்துக்குங். கோழியப் புடிக்கறாப்பல கழுத்தப் புடிச்சு அமுக்கீராதீங், அவ்வளவுதான்" என்று சிரித்தார், சிரிப்பு இருமலாயிற்று. குப்புறப் படுத்தார். ஊசி போகும்போது அவர் கால்விரல்கள் மெத்தையைக் கவ்விக்கொண்டதை அவள் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கண்ணை ஊசியின் பக்கம் திருப்பிக்கொண்டாள், ஏனென்றால் சதை வருகிற நேரம். வந்தது. நீளமாக, முறியாமல், புழு மாதிரி வெளுப்பாக ஒரு துண்டு. அப்போது அவள் வாய்விட்டே சொன்னாள், "அருமையா வந்திருக்கு!" அவர் முகத்தை மெத்தையிலிருந்து பக்கவாட்டில் திருப்பினார், கன்னத்தில் விரிப்பின் மடிப்புப் பதிந்திருந்தது. "நல்லா வந்துருக்குங்களா?" என்றார். பரீட்சையில் பாஸாகிவிட்ட முகம். ஆமாங்க, இதுவரைக்கும் எடுத்ததிலேயே இதுதான் நல்லா வந்திருக்கு என்றாள். போதும் போதும் என்று வந்த துண்டு. மாதிரி போதவில்லை.

மேடையில் அவர் இப்போது நன்றி சொல்ல வேண்டியவர்களின் பட்டியலுக்கு வந்துவிட்டார். பதினொன்று முப்பத்தொன்று. எழுந்து வெளியே போய்விட்டால் என்ன. வயிறு சரியில்லை என்று சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை. பேராசிரியரே பேசிவிடுவார், அவளைவிட நன்றாகவே பேசுவார். ஆனால் கோடு அதே கோடாகத்தான் திரையில் விழும், அவள் கழிப்பறையில் இருந்தாலும் அங்கேயும் விழும். எல்லாரும் செய்கிறார்கள். இது ஒரு வாக்கியம், இதைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் தூங்கினாள். எல்லாரும் செய்கிறார்கள், மூன்று பேர்தானே, நாற்பத்து நாலில் மூன்று, மருந்து எப்படியும் நல்ல மருந்துதான், பெரிய அளவில் சோதனை நடக்கும்போது உண்மை தானாக வெளியே வரும். வாக்கியங்கள் ஒவ்வொன்றாக நைந்துபோயின. பிறகு பழனாத்தாள் வந்தார். மாரப்பனின் மனைவி. இறப்புச் சான்றிதழில் கையெழுத்து வாங்க ஆஸ்பத்திரிக்கு வந்தவர், எங்கெங்கோ விசாரித்து, படியேறி, மூச்சு வாங்க ஆய்வகத்தின் வாசலில் நின்றார். கையில் கைப்பிடியும் மூடியும் வைத்த ஒரு தூக்குப்போசி. "சதை எடுத்த அம்மணி நீங்கதானுங்களா?" என்று கேட்டார். ஏன் இல்லை என்று சொல்லவில்லை? வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றவர்கள் அங்கே இன்னும் நாலு பேர் இருந்தார்கள். ஆமாங்கம்மா என்றாள். "எம்பட ஊட்டுக்காரரு சொல்லிட்டே இருந்தாருங். எனக்கு எடுத்ததுதான் இருக்கறதுலயே நல்லா வந்துச்சாமா, டாக்டரம்மா சொன்னாங்கன்னு, வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் சொல்லுவாருங். அதான் கேட்டுட்டுப் போலாம்னு வந்தனுங். அவரு குடுத்தது உதவுச்சுங்களா?" பூங்கோதை அன்றைக்குப் பத்து நாளுக்கு முன்னால்தான் அந்தக் கட்டத்தில் அந்த இரண்டு சொல்லைத் தட்டியிருந்தாள். "ரொம்ப உதவுச்சும்மா" என்றாள். யோசிக்காமல், தடுமாறாமல், கண்ணைப் பார்த்து. பழனாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார், அழுதுகொண்டே தூக்குப்போசியை நீட்டினார். கச்சாயம், வெல்லம் போட்டுச் சுட்டது, இன்னும் சூடு இருந்தது. ஆய்வகத்தில் எல்லாரும் சாப்பிட்டார்கள். பேஷாக இருக்கிறது என்றார்கள். அவளும் சாப்பிட்டாள், இரண்டு. இரண்டாவதை யாரும் கொடுக்கவில்லை, அவளேதான் எடுத்தாள்.

ஒன்பதாம் எண்ணும் முப்பதாம் எண்ணும் யார் என்று அவளுக்குத் தெரியாது. இது இப்போதுதான், இந்த நாற்காலியில்தான் உறைக்கிறது. மாரப்பனுக்காக மட்டும் குன்றிப் போகிறாள், ஏனென்றால் மாரப்பன் சிரித்தார், பெயர் சொன்னார், பெண்டாட்டி பலகாரம் கொண்டு வந்தார். மற்ற இருவருக்கும் ஊசி போட்டபோது அவள் அங்கே இல்லை, அவர்களுக்கு முகமில்லை. ஒருவர் பெண், ஐம்பத்திரண்டு வயது, சிகரெட்டைத் தொட்டதில்லை என்று கோப்பில் இருக்கும். ஒருவர் ஆண். அவர்களுடைய கால்விரல்களும் மெத்தையைக் கவ்வியிருக்கும். முகமிருந்தால்தான் அவமானம் வருமென்றால் அது என்ன அவமானம். தூ என்று இருந்தது. கைதட்டல் கேட்டது. முன்னவர் இறங்கினார். அமர்வுத் தலைவர் மைக்கில் அவள் பெயரையும் படிப்பையும் சொன்னார், நம் மாநிலத்து நோயாளிகளை வைத்தே நடந்த ஆய்வு என்பது நமக்கெல்லாம் பெருமை என்றார். பேராசிரியர் திரும்பிப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். அவள் எழுந்தாள், மடியிலிருந்த கைப்பை கீழே விழுந்தது, யாரோ எடுத்துக் கொடுத்தார்கள், படி நாலு, மேடை, வெளிச்சம். வாய் திறந்ததும் குரல் வந்தது. அதுதான் ஆச்சரியம், நல்ல குரலாகவே வந்தது. ரிசெப்டார் என்றால் என்ன, ஏன் அது மருந்துக்கு நல்ல குறி, சாயம் எப்படிப் போட்டோம், மதிப்பெண் எப்படி இட்டோம். உடம்பு அதுபாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது, அவள் எங்கோ பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தொரு நோயாளிகள் என்று சொன்னபோது நாக்கு பிறழவில்லை. குளியலறைப் பயிற்சி. கோடுகள் திரையில் இறங்கின, நடுவில் அந்த இடைவெளி, அரங்கத்தில் ஒரு சின்ன முனகல் எழுந்து அடங்கியது, பிடித்துப்போன முனகல். நன்றி என்றாள். முடிந்துவிட்டது. இவ்வளவுதானா, இதற்கா என்றிருந்தது, கைதட்டல் நடக்கும்போதே அடுத்த வாரம் பழநிக்குப் போய்வர வேண்டும் என்றுகூடத் தோன்றிவிட்டது.

கேள்வி ஏதாவது உண்டா என்றார் தலைவர். பின்வரிசையிலிருந்து ஒரு அம்மாள் எழுந்தார், தலையில் வெள்ளை முக்காடு, கையில் டைரி. "நான் டாக்டர் ஹபீபா, சேலத்துலேர்ந்து வர்றேன். ஆராய்ச்சியெல்லாம் எனக்குத் தெரியாது, நான் வைத்தியம் பார்க்கறவ. தமிழ்லயே கேட்டுடறேன். எங்கிட்ட ஒரு நோயாளி, நாப்பத்தாறு வயசு, ஸ்கூல் பஸ் ஓட்டறார். உங்க ரிசெப்டார் அவருக்கு ரொம்ப ஜாஸ்தி. திங்கட்கிழமை கீமோ ஆரம்பிக்கறதா இருக்கேன். இந்த கிராஃபைப் பார்த்தப்பறம் கீமோ வேண்டாம், நேரா உங்க ஆஸ்பத்திரிக்கு இந்த மருந்துக்கே அனுப்பிடலாம்னு தோணுது. சொல்லுங்கம்மா, அனுப்பலாமா?" எளிதான கேள்விதான். தனிப்பட்ட நோயாளியைப் பற்றி இங்கே கருத்துச் சொல்ல இயலாது என்று ஒரு வாக்கியம் இருக்கிறது, எல்லாரும் சொல்வது, அதைச் சொன்னால் அந்த அம்மாள் உட்கார்ந்துவிடுவார். பூங்கோதை அந்த வாக்கியத்துக்காகத்தான் வாயைத் திறந்தாள். "அனுப்பாதீங்க டாக்டர்" என்று வந்தது. மைக் அதை அரங்கத்தின் நாலு மூலைக்கும் கொண்டுபோய்ப் போட்டது. "இந்த கிராஃபை நம்பி அனுப்பாதீங்க. மொத்தம் நாப்பத்து நாலு பேர். ரிசெப்டார் நிறைய இருந்தும் மருந்து கேக்காம சீக்கிரமே இறந்துபோன மூணு பேரை நான் எடுத்துட்டேன். மாதிரி போதலைன்னு எழுதினேன். போதாம இல்லை. நல்லா இருந்துச்சு. மூணுமே நல்லா இருந்துச்சு. அவங்களையும் சேர்த்தா இந்த ரெண்டு கோடும் இப்படி விலகி நிக்காது." ஏசியின் இரைச்சல் கேட்டது. ஹபீபா நின்றுகொண்டே இருந்தார். தலைவர் கடிகாரத்தைப் பார்த்து, "நன்றி. நேரமாகிவிட்டது. தேநீர் இடைவேளை" என்றார், தேநீருக்கு இன்னும் ஒரு பேச்சு பாக்கியிருந்தது.

சொல்லிவிட்டால் லேசாகிவிடும் என்று யார் சொன்னது. படி இறங்கும்போது ஒவ்வொரு வரிசையிலும் தலைகள் செல்பேசிகளின் மேல் குனிந்துகொண்டன, இவள் முகத்தைப் பார்க்காமலிருக்கிற மரியாதை. புடவை நன்றாக இருக்கிறது என்றவள் காலை ஒடுக்கி வழிவிட்டாள். இதுவரை அவமானம் அவள் ஒருத்தி வயிற்றுக்குள் இருந்தது, இப்போது இருநூறு பேருக்கு ஆளுக்கொரு பங்கு, ஆனால் அவளுடைய பங்கு ஒரு குண்டுமணிகூடக் குறையவில்லை. தாழ்வாரத்தில் தூணுக்குப் பக்கத்தில் பேராசிரியர் நின்றிருந்தார், கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தபடி. கண்ணாடியில்லாமல் அவர் வயசாளியாகத் தெரிந்தார். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். "ஸாம்பிள் சரியில்லைன்னு நீ எழுதியிருந்தே. அதை நம்பித்தானே நான் கட்டுரையில கையெழுத்துப் போட்டேன்." அவள் அவர் முகத்தைத் தேடிப் பார்த்தாள், நிஜமாகவே தெரியாதா, இல்லை, தெரியாமலிருந்ததாக இந்தப் பத்து நிமிடத்தில் முடிவுகட்டிக்கொண்டாரா? கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டு மாதமாக அந்த 'பாரும்மா'வில் பாதியை அவர் தலையில் வைத்துவிட்டு மிச்சத்தைத்தான் அவள் சுமந்துகொண்டிருந்தாள். அந்தப் பாதியும் இப்போது திரும்பி வந்துவிட்டது போலிருந்தது. ஒருவேளை அது முதலிலிருந்தே இங்கேதான் இருந்ததோ. "அனுப்பியிருக்கற கட்டுரையை வாபஸ் வாங்கறதாப் பத்திரிகைக்கு எழுதணும். நான் எழுதறேன். நீ தனியா எழுது" என்றார். "சரிங்க சார்" என்றாள். 'தனியா' என்பதில் ஒரு அழுத்தம் இருந்ததா என்று யோசிக்க ஆரம்பித்தவள், யோசிப்பதை நிறுத்தினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேநீர் வரிசைப் பக்கம் போனார், வரிசையில் இருந்தவர்கள் அவருக்கு இடம்விட்டார்கள்.

ஹபீபா நேராக அவளிடம்தான் வந்தார். திட்டப் போகிறார், திட்டட்டும், அதுவாவது ஒரு மனிதப் பேச்சாக இருக்கும் என்று பூங்கோதை நின்றாள். அந்த அம்மாள் திட்டவில்லை, தேற்றவும் இல்லை. டைரியைத் திறந்து ஜன்னல் கட்டையில் வைத்தார். "அந்த மூணு பேர் விவரம் எனக்கு வேணும். ரிசெப்டார் அவ்வளவு இருந்தும் ஏன் கேக்கலைன்னு யாராவது பார்க்கணுமில்ல. மத்தவங்ககிட்ட இல்லாதது என்னமோ இவங்க மூணு பேருகிட்ட இருந்திருக்கு. என் டிரைவருக்கும் அதுவே இருக்கலாம்." பேனாவை உதறினார். "மருந்து ஆரம்பிச்சு எத்தனை நாள் இருந்தாங்க?" ஆய்வகத்துக்குப் போய்ப் பார்த்து அனுப்புகிறேன் என்று பூங்கோதை சொல்ல நினைத்தாள். "ஒன்பதாம் நம்பர் நாற்பத்தொரு நாள். பதினேழு, ஐம்பத்தெட்டு. முப்பது, ஐம்பத்து மூணு" என்றாள். ஹபீபா எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "பார்க்காமலே சொல்றீங்களே." பெயர் தெரியாதவர்களின் நாள்கூடப் பூங்கோதைக்குத் தெரிந்திருந்தது, கணக்கிலிருந்து நீக்கிய பிறகும் தெரிந்திருந்தது, நீலப்புடவை எடுத்தபோதும் கச்சாயம் தின்றபோதும் தெரிந்துதான் இருந்தது. "மூணாவது என்ன சொன்னீங்க?" என்றார் ஹபீபா. "ஐம்பத்து மூணு" என்றாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "கொஞ்சம் சத்தமா சொல்லும்மா" என்றார் அவர். தேநீர்க் கோப்பையோடு போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "ஐம்பத்து மூணு நாள்" என்று பூங்கோதை சத்தமாகச் சொன்னாள்.